ஏழாம் மணி நேரத்துச் சர்க்கரை

எங்கள் ஈஸ்ட் ஆலையில் 'கணக்கக்கா' என்றால் வாசல் காவலருக்கும் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவ வந்தவர், மகளின் கல்லூரிப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டியே சமன்பாடு போடக் கற்றுக்கொண்டார். அப்படி ஒரு பிடிவாதம்.

ஈஸ்ட் வளரச் சர்க்கரைப்பாகை அளந்து விடவேண்டும். கூடிப்போனால், வளர்கிற வேலையை விட்டுவிட்டு அது சாராயம் காய்ச்ச ஆரம்பித்துவிடும். தொட்டிக்குள் போவதும் வெளியே வருவதும் சரியாக இருக்கவேண்டும் என்பது அக்காவின் சமன்பாடு. ஈஸ்ட் எந்த வேகத்தில் வளரும் என்பது மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. அதைக் கணிக்க, பழைய அளவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் ஒன்றைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, ஒரு தொட்டியில் மணிக்கு மணி எடுத்த அளவுகளை எழுதிய மூன்று வருட லாக் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார்.

அதன் கணக்குப்படி பாகு விட்ட முதல் இரண்டு தொட்டிச் சரக்கும் சாராய நெடியோடு வீணாயின.

"மூணாவதும் போச்சுன்னா கம்ப்யூட்டரை மூடிட்டுப் பழையபடி பாட்டில் கழுவப் போங்க" என்றார் மேனேஜர். நாலு வருட உழைப்பு! அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு வாரம் குடுங்க சார்" என்றார்.

சமன்பாட்டைத் தூக்கிப் போடுங்கள், நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாம் நாள் நேராக என்னிடம் வந்தார். நான் அந்தத் தொட்டியின் ஆபரேட்டர்; லாக் புத்தகத்தில் அளவு எழுதுவதும் நான்தான்.

"தம்பி, ஏழாவது மணி நேரத்துல மட்டும் கணக்கு இடிக்குது. தொட்டியில இருந்து வர்ற வாயுவை மீட்டர் தானா பதிவு பண்ணுது. சாராயம் ஆகியிருந்தாத்தான் அவ்வளவு வாயு வரும். ஆனா கையால எழுதினதுல சாராயமே இல்ல. நெட்வொர்க் அதை நம்பி, அந்த நேரத்துல பாகை அள்ளி விடுது."

காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தொட்டிக்கு ஏழாவது மணி என்றால் மதியம் ஒன்று. என் சாப்பாட்டு நேரம். மாதிரி எடுக்கச் சோம்பல்பட்டு, பன்னிரண்டு மணி அளவையே எழுதிவிட்டுப் போய்விடுவேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

"நான்தான்க்கா..." என்று நடந்ததைச் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். லாக் புத்தகங்களை என் முன்னால் அடுக்கி, சிவப்புப் பென்சிலை நீட்டினார். "பொய்யா எழுதினதை எல்லாம் அடிங்க."

இரண்டு நாள் என் கையெழுத்தை நானே அடித்தேன். அறுநூற்றுப் பதினெட்டு இடம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா அவற்றை நீக்கிவிட்டு நெட்வொர்க்கை முதலிலிருந்து படிக்கவைத்தார். சமன்பாட்டை மீறி அது பாகு விடக்கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தார்.

மூன்றாவது தொட்டியன்று சாப்பிடப் போகாமல் ஒரு மணிக்கு மாதிரி எடுத்தேன். சாராயம் இல்லை. மாலையில் ஈஸ்ட் சுத்தமாக வந்தது.

"அப்ப முதல் ரெண்டும் ஏன் போச்சு?" என்றார் மேனேஜர்.

"என்னால சார்" என்று அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "நாளையிலேருந்து இந்தாளு வேலைக்கு வரவேண்டாம்."

"இவரை அனுப்பினா, என் கம்ப்யூட்டரையும் மூடிடுங்க சார்" என்றார் அக்கா. "மத்த ஆபரேட்டருங்க தொட்டிங்கள்லயும் கணக்கு இடிக்குது. அங்க இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கல."