நான் வைக்காத நேர்த்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தூயவர் பாடலுக்கு நான் பிந்திவிட்டேன். பூசை வைக்கும் குரு, எங்கள் சுவாமி, செபத்தை முடித்த அடுத்த நொடி கீபோர்ட் தொடங்க வேண்டும். பதினாறு வருடமாக அப்படித்தான் தொடங்கினேன். அன்று செபம் முடிந்தது எனக்குக் கேட்டது. கைதான் எழும்பவில்லை. சுவாமி பீடத்திலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்த பிறகே விரல் கட்டையில் இறங்கியது.

"என்னப்பா, நித்திரையோ?" என்று பஸ்ஸில் மனைவி றெஜினா கேட்டாள். ஓம் என்றேன். என் நோயின் முதல் அறிகுறி அதுதான் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பாட்டோ வாத்தியமோ கைவசம் இருந்து, ஒருநாள் அதன்மேல் ஆசையே அற்றுப்போய் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பாரிசில் பதினொரு வருடம் சப்பாத்துத் திருத்தினேன். பிறகு லண்டன் வந்து, பார்க்கிங் என்ற பகுதியில் அதே வேலைக்கு ஒரு சின்னக் கடை போட்டேன். வீடு குட்மேய்ஸில். ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பேன். எங்கள் அந்தோனியார் திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் நான்தான்.

என் மெட்டுகளில் ஒரு குறை உண்டு. எல்லாம் ஓட்டம். எங்கள் பாடகர் குழுவில் மூத்தவர் ஜோர்ஜ் அண்ணை. "மாஸ்டர், மூச்சு விட ஒரு இடம் வையுங்கோவன். நாங்கள் என்ன குதிரையளே?" என்று வருடா வருடம் கெஞ்சுவார். பாட்டென்றால் ஓடத்தான் வேண்டும் என்று நானும் வருடா வருடம் மறுப்பேன். றெஜினா மட்டும் முறையிடாமல் பாடிவிடுவாள். அவள் குரலை நம்பித்தான் நான் அவ்வளவு துணிந்தேன்.

அந்தக் குளிர்காலம் கடையில் இரண்டு சுவெட்டர் போட்டும் எனக்கு விறைத்தது. குரல் கரகரத்தது. முகம் ஊதியது. மாலையில் கீபோர்ட்டுக்கு முன்னால் போய் இருப்பேன், கறுப்புக் கட்டைகளை எண்ணுபவன் மாதிரிப் பார்ப்பேன், எழும்பிவிடுவேன். பெடல் சரியில்லை என்று புதுப் பெடல் வாங்கினேன். பிறகு கதிரை உயரம் என்றேன். "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று றெஜினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தவக்காலத்தில் எங்கள் குழு வாத்தியம் வாசிப்பதில்லை. வெறும் குரலில்தான் பாடும். அந்த நாற்பது நாளும் எனக்கு நல்ல ஒளிப்பிடமாகக் கிடைத்தது. உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் வந்ததும் ஒளிக்க இடமில்லாமல் போயிற்று.

"திருநாள் பாட்டு என்ன மட்டில நிக்குது, மாஸ்டர்?" என்று ஜோர்ஜ் அண்ணை கோயில் வாசலில் கேட்டார்.

"நான் ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன், அண்ணை. கொஞ்ச நாளைக்கு வாசிக்கிறேல்லை."

"அந்தோனியாருக்கோ?"

"ஓம்."

வாயில் எங்கிருந்து அது வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பாதுகாப்பான பொய் இல்லை. ஒருவர் ஏதோ வேண்டுதலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்றால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மீசையை எடுக்காதவரை, மீன் சாப்பிடாதவரை, செருப்பில்லாமல் நடப்பவரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஜோர்ஜ் அண்ணை என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வீட்டில் றெஜினாவுக்கும் அதையே சொன்னேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. வாசிக்க ஏலாது, மனம் வருகுதில்லை என்று சொல்வதை விட, புனிதரின் பெயரில் பொய் சொல்வது எனக்கு லேசாக இருந்தது. அதுவும் யார் பெயரில்? தொலைந்ததைத் தேடித் தருகிறவர் பெயரில்.

திருநாளுக்குப் பழைய பாட்டையே பாடினார்கள். நான் பின் வரிசை வாங்கில் இருந்தேன். கவலைகூட வரவில்லை. நெஞ்சுக்குள் ஒன்றுமே அசையவில்லை என்பதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

ஆடி மாதம், குரல் கரகரப்பைக் காட்டத்தான் குடும்ப டொக்டரான ஜிபியிடம் போனேன். இளம் டொக்டர். குரலைக் கேட்டுவிட்டு, என்னை ஒரு கதிரையில் முழங்காலில் நிற்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. பிறகு ஆற அமரப் பழைய இடத்துக்கு இறங்கியது. மறுபடியும் தட்டினார்.

"பார்த்தீர்களா? கால் உடனே போகிறது. திரும்பி வரத்தான் நேரம் எடுக்கிறது" என்றார். எனக்குத் தூயவர் பாடல் நினைவு வந்தது.

இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டுச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையின் அடியிலிருந்து வரும் ஹோர்மோன்) மிகக் கூடியிருந்தது. மூளை கத்திக் கத்திக் கூப்பிட, கழுத்தில் உள்ள சுரப்பி எழும்பாமல் கிடந்திருக்கிறது. இதற்குப் பெயர் தைராய்டுக் குறைவு. உடம்பின் எல்லா வேலையும் மெதுவாகும், மனமும் மங்கும் என்று டொக்டர் விளக்கினார்.

"அப்போ இது சோம்பல் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை. யார் அப்படிச் சொன்னது?"

"நான்தான்" என்றேன். அங்கேயே அழுகை வந்தது. டொக்டர் கண் துடைக்கக் கடதாசி நீட்டிவிட்டு, முடியும் வரை பொறுத்திருந்தார்.

லெவோதைரொக்சின் (சுரப்பி தராததை வெளியிலிருந்து தரும் மாத்திரை) தொடங்கினார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிகூடக் கூடாது. கண் விழித்ததும் தேத்தண்ணி தேடும் எனக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிய தண்டனையாக இருந்தது.

இதே நோயில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இது ஒரு கிழமையில் மாறாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்து, அளவைக் கூட்டினார்கள். முதலில் ஒரு சுவெட்டர் கழன்றது. முகம் வடிந்தது. கடையில் காலையில் எடுத்த சப்பாத்து மத்தியானத்துக்குள் முடிந்தது. எல்லாம் திரும்பின, பாட்டைத் தவிர.

இதைத்தான் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நோய் போனாலும், அது பழக்கிவிட்ட பயம் போகாது. இனி வராதோ என்ற பயத்தில் நான் கீபோர்ட் அறைக்கே போகவில்லை. டொக்டர் என்னை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். போனில்தான் கதைப்பார். ஆசை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தினமும் ஐந்து நிமிடம் போய் இருங்கள், கூடாத மெட்டென்றாலும் போடுங்கள் என்றார். போட்டேன். அவர் கேட்டதைவிடக் கூடாத மெட்டுகள், றெஜினாவுக்குக் கேட்காமல் ஹெட்போனில்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. றெஜினா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன். கத்திச் சத்தம் மட்டும். முன்பெல்லாம் அவள் குசினிக்குள் போனால் பாட்டுத்தான் முதலில் கேட்கும். எத்தனை மாதமாக இந்த வீடு இப்படிக் கிடக்கிறது? கோயிலிலும் றெஜினா தனித்துப் பாடும் பதிலுரைப் பாடலை இப்போது வேறொரு பெண்தான் பாடுகிறாள். தொண்டை சரியில்லை என்று றெஜினா சொன்னதை நம்பி, அத்தோடு விட்டிருந்தேன்.

"இஞ்சேரும், நீர் ஏன் இப்ப பாடுறேல்லை?"

அவள் நிமிரவில்லை. "நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"நீங்கள் வாத்தியத்தையே விட்டிட்டு நேர்ந்திருக்கிறியள் எண்டால், ஏதோ பெரிய விசயத்துக்குத்தான் எண்டு நினைச்சன். கேக்கக்கூடாதுதானே. தனிய விட ஏலாமல் நானும் துணைக்கு நேர்ந்தனான். நீங்கள் திரும்ப வாசிக்குமட்டும் நான் வாய் திறந்து பாடுறேல்லை எண்டு."

 என் பொய் இரண்டு பேரின் வாயை அடைத்திருக்கிறது. அதை உண்மையென்று சுமந்தவள் அவள் ஒருத்தி. எல்லாவற்றையும் சொன்னேன், தூயவர் பாடலில் இருந்து.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அட கடவுளே! அந்தோனியாரைச் சாட்சிக்கு வைச்செல்லோ எனக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்!"

"ஓம்."

"மனம் வருகுதில்லை எண்டு என்னட்டைச் சொன்னால் நான் என்ன, உங்களைக் கடிச்சே திண்டிருப்பன்?"

கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம்தான் என்று சொல்லவும் இல்லை. பிறகு என்னைக் கையில் பிடித்துக் கீபோர்ட் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்கடை நேர்த்தி பொய். என்ரை நேர்த்தி பொய்யில்லை. நீங்கள் வாசிச்சால்தான் நான் பாடலாம். இருங்கோ."

"எனக்கு மெட்டு ஒண்டும் வராதப்பா."

"மெட்டு ஆர் கேட்டது? ஒரு கட்டையைப் பிடியுங்கோ, அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

ஒரு கட்டையைப் பிடித்தேன். அவள் பதிலுரை வரி ஒன்றை எடுத்தாள். மேலே போகுமிடத்தில் குரல் உடைந்தது. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த குரல். பொத்தானை அழுத்திச் சுருதியை இரண்டு படி இறக்கினேன். மறுபடி எடுத்தாள். அரை வரியில் மூச்சு முடிந்து நின்றாள். முன்பென்றால் நான் நிற்காமல் ஓடியிருப்பேன். அன்று கட்டையைப் பிடித்தபடி அவளுக்காக நின்றேன். அவள் மூச்சை இழுத்தாள். அந்த இடைவெளிக்குள் என் வலது கை தானாக மூன்று சுரம் வாசித்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.  மறுபடி அதே இடத்தில் நின்றாள், இம்முறை வேண்டுமென்றே.

இந்த வருடத் திருநாள் பாட்டு அந்த மூன்று சுரத்தில் இருந்துதான் வந்தது. ஒவ்வொரு வரியிலும் றெஜினா மூச்செடுத்த இடத்தில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. முதல் ஒத்திகையில் ஜோர்ஜ் அண்ணை பாதியில் நின்று, "மாஸ்டர், உங்களுக்கு இன்னும் சுகமில்லையோ? இது மனிசர் பாடுற பாட்டாயெல்லோ கிடக்கு" என்றார். நேர்த்தியின் கதையை அவருக்கும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மாத்திரை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். என் உடம்பு இனிப் பழைய வேகத்துக்குப் போகுமா தெரியாது. சில நாள் பின்னுக்கு நிற்கிறது. நிற்கும் நாளில் நானும் அதோடு நிற்கப் பழகுகிறேன். நேர்த்தி என்று சொல்வதில்லை. இன்றைக்கு மனம் வருகுதில்லை என்று றெஜினாவிடமே சொல்லிவிடுகிறேன். "அப்ப ஒரு கட்டை காணும்" என்பாள்.

காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கீபோர்ட்டில் போய் இருக்கிறேன். தேத்தண்ணிக்குக் காத்திருக்கும் அந்த அரை மணித்தியாலம்தான் இப்போது என் வேலை நேரம். இன்றும் இருந்தேன். அரை மணித்தியாலம் முடிந்து பத்து நிமிடமாகிவிட்டது. தேத்தண்ணி ஆறட்டும். குசினியில் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள்.