வாழ்த்துப் பட்டியலில் அண்ணன்

அவனுடைய முன்பல் உடைந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், ஒரு பிளாசாக் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கலியாண வரவேற்பு. பாட்டுப் போட்டவன் என் அண்ணன். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, சனம் ஆடிக் களைத்து உட்காரும் நேரம் பார்த்து, பழைய றிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டு ஒன்றைப் போடுவது அவன் வழக்கம். அன்றும் போட்டான். குடித்திருந்த ஒருவன் மேடையில் ஏறினான்.

"உதென்ன செத்தவீட்டுப் பாட்டு? கழட்டடா!"

சொல்லிக்கொண்டே ஊசியைக் கையால் இழுத்தான். தட்டில் கீறல் விழுந்த சத்தம் ஸ்பீக்கர் வழியே மண்டபம் முழுக்கக் கேட்டது.  அண்ணன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவன் வாயிலேயே அடித்தான். நான் கதிரையில் ஏறி நின்று, "இன்னும் குடு அண்ணா!" என்று கத்தினேன். கலியாணப் பொம்பிளை என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஒரு தட்டுக்காகப் பல்லை உடைப்பதா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பார்க்டேலில் குடியிருந்த காலம் தெரியாது. அப்போது கனடாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் துணி தோய்க்கும் அறையில் யாரோ கைவிட்டுப்போன ஒரு பெட்டியை அண்ணன் தூக்கிவந்தான். உள்ளே நாற்பதுக்கு மேல் சின்னத் தட்டுகள். எல்லாம் ஐம்பதுகளில் கறுப்பு அமெரிக்கர்கள் பாடியவை. எங்களுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்காது. ஆனால் அடி வாங்கியவன் அழ மறுத்துக் கத்துகிற குரல் எங்களுக்கு நன்றாக விளங்கும். ஊரில் அதைக் கேட்டிருக்கிறோம். மூத்த அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன அன்று எங்கள் முற்றத்திலேயே கேட்டோம். அவன் திரும்பி வரவேயில்லை.

பல் உடைந்தவனின் கோஷ்டி சும்மா இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். பிறகு தொலைபேசி வந்தது. பாட்டுப் போடுகிற கையை எடுத்துவிட்டுத்தான் அடுத்த கதை என்றான் ஒருவன். நான் அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு வைத்தேன். அம்மா திட்டவில்லை. அன்றைக்கே அண்ணனை நகரத்துக்கு மறுகோடியில், மிசிசாகாவில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பினார்.

"பாட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மிஞ்சினது நீ ஒருத்தன். எங்க இருக்கிறாய், எங்க போறாய் எண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது."

அண்ணன் விட்டுப்போன தட்டுகளைத்தான் நான் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் கல்லூரி வானொலியில் போட்டேன். அறை என்று சொல்லக் கூசும் ஓர் அறை. சுவர் முழுக்க முட்டை அடுக்கும் அட்டைகளை ஒட்டியிருப்பார்கள். ஸ்காபரோவைத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. ஒருநாள் இடையில் இரண்டு வசனம் தமிழில் பேசினேன். அவ்வளவுதான், தொலைபேசி ஓயவில்லை. பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெடியன் மிரண்டுபோய், கடைசிப் பத்து நிமிடத்தைத் தமிழுக்கே தந்துவிட்டான்.

எங்கள் சனத்துக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் என்ன கேட்பார்கள்? பாட்டா? வாழ்த்துத்தான். ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அம்மா அப்பாவில் தொடங்கி, பெரியப்பா, சின்னம்மா, ஜெர்மனி மாமா, லண்டன் அத்தை என்று இறங்கி, கேக் செய்த அன்ரி வரை சொல்ல வேண்டும். கொண்டாட்டம் எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்பதும் வர வேண்டும். ஒருவரை விட்டால் போச்சு. ஒருமுறை ஒரு சின்னம்மாவை விட்டுவிட்டேன். பாட்டு முடியமுன்னரே போன் வந்தது.

"ஏன் பிள்ளை, நான் என்ன செத்துப்போனனே?"

அதற்குப் பிறகு ஒருவரையும் விடக்கூடாது என்பது எனக்கு வெறியாகவே பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து அண்ணன் மாமா வீட்டிலிருந்து ரகசியமாகப் போன் எடுத்தான்.

"சனிக்கிழமை பின்னேரம் ஒரு குழந்தையின்ர முதலாவது பேர்த்டே. தகப்பன் என்னோட வேலை செய்யிறவர். பாட்டுப் போட வாறன் எண்டு சொல்லிப்போட்டன். சின்னப் பிள்ளையளின்ர பார்ட்டிதானே. அம்மாவுக்குச் சொல்லாதை."

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்குப் போன நேரம் வந்து தட்டுப் பெட்டியை எடுத்துப்போனான். எனக்கு ஐந்தாறு தட்டுகளை விட்டுவைத்தான்.

அந்தக் குழந்தைக்கும் வாழ்த்து வந்திருந்தது. சனிக்கிழமை அதை வாசித்தேன். பெரியப்பா, மாமாமார், அத்தைமார், மண்டபம், நேரம், கேக் செய்த அன்ரி. தாள் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. யாரோ விடுபட்டதுபோல இருந்தது. யோசிக்கவே இல்லை. "பழைய தட்டுகளோடு இன்று அங்கே இசை வழங்கவிருக்கும் என் அன்பு அண்ணாவுக்கும்" என்று சொல்லி, அவன் பெயரையும் சேர்த்துவிட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும்.

மைக்கை அணைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மண்டபத்துக்குப் போன் அடித்தேன். மணி போனதே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. ஓடிப்போய் பஸ் பிடித்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போன அந்த பஸ் சாரதியைக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பலூன்கள், ரோல்ஸ் பலகாரம் அடுக்கிய தட்டங்கள், தகப்பனின் தோளில் குழந்தை. அண்ணன் என்னைக் கண்டு சிரித்து, காதில் ஹெட்போனோடு கையை ஆட்டினான். அவனை நோக்கிப் பத்து அடி நடந்திருப்பேன். பின்னால் கதவு அடிபட்டுத் திறந்தது.

ஐந்து பேர். ஒருவன் கையில் ஹொக்கி மட்டை, ஒருவனிடம் இரும்புக் குழாய், ஒருவன் பேப்பரில் சுற்றிய வாளை உருவினான். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேசைகளுக்குக் கீழே புகுந்தார்கள். முதல் அடி அண்ணனின் வலது காதில் விழுந்தது. ஹெட்போன் உடைந்து காதுக்குள் இறங்கியது. அவன் விழுந்த பிறகும் அடித்தார்கள். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து நிறுத்தினான். நான் அவன் கையைக் கடித்தேன், இரத்தம் வரும்வரை விடவில்லை. அவன் என் முகத்தைச் சுவரில் மோதினான். தட்டுகளைப் பெட்டியோடு கொட்டிச் சப்பாத்தால் மிதித்தார்கள். வாள்காரன் அண்ணனின் கையை மேசையில் இழுத்துவைத்தபோது, குழந்தையின் தகப்பன் ஒரு மடக்குக் கதிரையால் அவன் முதுகில் போட்டார். வாள் ஸ்பீக்கரில் இறங்கியது.

தூரத்தில் பொலிஸ் சைரன் கேட்டதும் ஓடத் தொடங்கினார்கள். பல் உடைந்தவன் மட்டும் அண்ணனின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தான்.

"நீ எங்க ஒளிச்சாலும் உன்ர தங்கச்சி ரேடியோவில சொல்லித் தருவாள். அவவுக்குத் தாங்க்ஸ் சொல்லு."

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். இரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பார்த்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் வலது காது இனிக் கேட்காது என்றார்கள். இரண்டு விலா எலும்புகளும் உடைந்திருந்தன. அம்மா வேலையிலிருந்து சீருடையோடு வந்தார். கட்டிலருகே நின்று தலையைச் சுற்றிய கட்டுகளையும் குழாய்களையும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"ஆருக்கடா சொன்னனி?"

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"நீ சொல்லாமல் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆருக்குச் சொன்னனி?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவனிடமிருந்து நான்கு அடி. அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்.

"வேலையில ஒரு பெடியனுக்கு," என்றான் அண்ணன். "நான்தான் சொன்னனான். என்ர பிழை."

அம்மா கையை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தார். கேட்கிற காதுப் பக்கம். பிறகு இன்னொன்று. விலா உடைந்தவனால் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. தாதி ஓடிவந்து அம்மாவைப் பிடிக்கும்வரை அறைந்தார். நான் பிடிக்கவில்லை.