பக்கச் சில்லைக் கழற்றி எடுத்த படம்

எங்கள் கிளை அலுவலகத்துக்கு ஏற மூன்று படிகள் உண்டு. பிடித்து ஏறக் கைப்பிடி கிடையாது. அதனால் தவமலரின் மின்சார மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி போட்ட வேலை முழுவதும் யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் வாசலுக்கு முன்னால், வீதியோரத்திலேயே நடந்தது.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாகனக் காப்புறுதி ஆலோசகராக வேலை செய்கிறேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை அன்றன்றே டயறியில் எழுதிவிடுவது என் வழக்கம். இதை எழுதும்போதும் அந்த டயறி முன்னால் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, குறைந்த கட்டணத்தில் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது எப்படி என்பதைத்தான். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தக் கெட்டித்தனத்தால் ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

1. வண்டியை விட்டு இறங்காதவர்

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. வீதியிலே ஒரு பெண் வண்டியில் இருந்தபடியே கூப்பிடுகிறார் என்று காவலாளி வந்து சொன்னார். இறங்கிப் போனேன். தவமலருக்கு நாற்பத்து நான்கு வயது. இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பியிருந்தது. முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம் போட்டிருந்தார். வண்டியின் பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கை வைத்து, பக்கத்துக்கொரு சின்னச் சக்கரம் பூட்டியிருந்தது. பக்கச் சில்லு என்று சொல்வார்கள். சுன்னாகத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்வித்தது. அது இல்லாவிட்டால், நிறுத்தும்போது இடது காலை ஊன்ற முடியாமல் வண்டி சரிந்துவிடும்.

ஊர் புத்தூர். பிரதேச சபை நூலகத்தில் உதவியாளர் வேலை. முந்திய ஆண்டு நகரத்துக்குப் பக்கத்திலுள்ள நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரும்புச் சட்டத்தோடு அவர் ஏறும்வரை எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. அதனால் மாதத் தவணை கட்டும் லீசிங்கில் இந்த வண்டியை எடுத்தார். முதல் ஆண்டுக் காப்புறுதியை விற்ற கடையே போட்டுக் கொடுத்தது. பக்கச் சில்லு அதற்குப் பிறகு பூட்டியது. புதுப்பிக்கப் போனபோது பழைய நிறுவனம் புதிய படம் கேட்டது, சில்லைக் கண்டது, முடியாது என்றது. அடுத்த இடத்தில் பற்றரி வண்டியே எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் கேட்ட தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

லீசிங் உள்ள வண்டிக்கு முழுக் காப்புறுதி கட்டாயம். அது இல்லையென்றால் லீசிங்காரர் வண்டியைத் தூக்கிப் போகலாம். வண்டி போனால் வேலையும் போகும். இதை அவர் அழாமல், வரிசையாகச் சொன்னார். பிறகு சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"அண்ணை, எனக்கு விலை குறைய வேணும். ஆனா பிறகு ஏலாது எண்டு சொல்லாத இன்சூரன்சா வேணும்."

அதற்குக் கீழே நான் எழுதியிருப்பது: "நியாயமான கோரிக்கை."

2. கேள்வி இலக்கம் பதினான்கு

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் பதினான்காவது கேள்வி, உற்பத்தியாளர் பொருத்தாத மாற்றங்கள் வாகனத்தில் ஏதும் உண்டா என்பது. இல்லை என்று போட்டால் எங்கள் கிளையிலேயே, சாதாரண கட்டணத்தில், அரை மணித்தியாலத்தில் பத்திரம் அச்சாகும். உண்டு என்று போட்டால் கோப்பு கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

முகாமையாளரிடம் போய் விளக்கினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"நாலு நட்டுத்தானே. கழட்டிப்போட்டுப் படத்தை எடும். பிறகு அவ என்னத்தைப் பூட்டினா எங்களுக்கென்ன?"

விபத்து நடந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு இரங்கித்தான் சொல்லுறன். கொழும்புக்கு அனுப்பினா மூண்டு மாசம். அங்கையிருந்து வாற விலையைப் பாத்தா அவ வண்டியை வித்துப்போட்டு வீட்டிலை இருப்பா."

அவர் அதற்கு முன் இப்படி ஒரு கோப்பைக் கொழும்புக்கு அனுப்பியதுண்டா என்று நான் கேட்கவில்லை. டயறியிலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கேட்காத கேள்விகளை நான் எழுதிவைப்பதில்லை.

3. ஏழு நிமிடம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வரச் சொன்னேன். அலுவலகக் கதிரை ஒன்றை வீதியோரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அதில் அவரை இருத்தினேன். எதிர்க் கடையில் ஸ்பானர் வாங்கி, நானே குந்தியிருந்து நான்கு நட்டையும் கழற்றினேன். வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி முன், பின், வலம், இடம் என்று நான்கு படம் எடுத்தேன். கழற்றிப் படம் எடுக்க ஏழு நிமிடம் ஆனது. அந்தக் கணக்கில் எனக்கு அன்று திருப்தி.

தவமலர் கதிரையில் இருந்தபடி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்லு இல்லாமப் பாக்க வேறை ஆரோ ஒராளின்ரை வண்டி மாதிரிக் கிடக்கு," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

படிவத்தை நான் நிரப்பினேன். பதினான்கில் "இல்லை" என்று எழுதினேன். எங்கள் வாடிக்கையாளர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். இவர் நூலகத்தில் வேலை செய்கிறவர், ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தார். பதினான்கில் விரல் நின்றது.

"இது பொய்யெல்லோ, அண்ணை?"

"உது நடைமுறை, தங்கச்சி. எல்லாருக்கும் உப்பிடித்தான் போடுறது."

எல்லாருக்கும் அப்படிப் போட்டதில்லை. பக்கச் சில்லோடு என்னிடம் வந்த முதல் ஆள் அவர்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னால் சரி என்று கையெழுத்து வைத்தார். நான் சில்லுகளைத் திரும்பப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன்.

4. இருபாலையில்

ஏழு மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு முன்னர், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் இருபாலையில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். காப்புறுதி அட்டையில் என் எண்ணைப் பார்த்து எடுத்திருந்தார். பின்னால் வந்த வான் ஹோர்ன் அடிக்க, தவமலர் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். புதிதாகத் தார் போட்ட வீதி. கரை மண்ணைவிட நாலு அங்குலம் உயரம். இடது பக்கச் சில்லு கரையை விட்டு இறங்க, வண்டி சரிந்து மதகுக் கட்டில் மோதிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. அது அவருடைய நல்ல கால்.

முகாமையாளருக்குச் சொன்னேன். அவர் முதலில் ஆள் எப்படி என்று விசாரித்தார். பிறகு சொன்னார்:

"மதிப்பீட்டாளர் வர ஒரு மணித்தியாலம் செல்லும். நீர் முந்திப் போய் உந்தச் சில்லுகளைக் கழட்டும்."

போனேன். இதை எழுதாமல் விடலாம், ஆனால் போனேன். வண்டியைக் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பற்றரிப் பெட்டி பிளந்திருந்தது. வண்டியின் விலையில் பாதி அந்தப் பெட்டிதான். வலப் பக்கத்தில் ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததில் ஸ்பானரைப் போட்டபோது, கடைக்காரர் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்கள் இன்சூரன்ஸ் ஆளோ?"

"ஓம்."

"அந்தப் பிள்ளையை ஒவ்வொரு நாளும் காணுறனான். உந்தச் சில்லு இல்லாம அந்தக் காலோடை என்னெண்டு ஓடினவ எண்டு கேட்டா, என்ன சொல்லுவியள்?"

அவர் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சில்லு இருந்தால், மாற்றத்தை மறைத்த வண்டி. சில்லு இல்லாவிட்டால், ஓட்ட முடியாதவர் ஓட்டிய வண்டி. நான் போட்ட ஒரு சொல்லுக்குப் பிறகு அவருக்கு எந்த வழியும் மிச்சம் இருக்கவில்லை.

கழற்றிய நட்டைத் திரும்பப் பூட்டினேன். மதிப்பீட்டாளர் ஒன்பது பத்துக்கு வந்தார். நிறையப் படம் எடுத்தார். என்னுடைய நான்கு படங்களையும் தன் தொலைபேசியில் திறந்து வண்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இது நீங்கள் எடுத்த படம்தானே?"

5. யாருடைய கை

நட்டஈடு மறுக்கப்பட்டது. முக்கியமான விபரத்தை விண்ணப்பதாரர் மறைத்தார் என்று கடிதம் வந்தது. படிவத்தை நிரப்பியது ஆலோசகர் என்றாலும், அந்த வேலையை அவர் விண்ணப்பதாரரின் சார்பில் செய்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு பந்தி இருந்தது. எழுதியது என் கை. கடதாசியில் அது தவமலரின் கை.

நடந்த எல்லாவற்றையும் மூன்று பக்கத்தில் எழுதி, டயறிப் பக்கங்களின் பிரதிகளையும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் போனேன். முகாமையாளருக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். அவர் கடைசி வரை வாசித்தார்.

"உம்மடை டயறியை ஆர் கேட்டது? உதாலை அவவுக்கு ஒண்டும் கிடைக்காது. உமக்குத்தான் வேலை போகும்."

அவர் சொன்னது பெரும்பாலும் நடந்தது. என்னை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தவமலர் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மறுப்பு மாறவில்லை. உடைந்த வண்டியை லீசிங்காரர் லொறியில் ஏற்றிப் போனார்கள். தவமலர் முதலில் மருத்துவ விடுமுறையில் இருந்தார், பிறகு சம்பளமற்ற விடுமுறையில். புத்தூருக்கே மாற்றம் கேட்டு எழுதினார். வெற்றிடம் இல்லை என்று பதில் வந்தது. பங்குனி மாதம் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

6. அரியாலையிலிருந்து வந்தவர்

திரும்ப வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலே அரியாலையிலிருந்து ஒருவர் வந்தார். கடலேரியில் நண்டு வாங்கி விற்கிறவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மின்சார வண்டி, லீசிங், பக்கச் சில்லு. நான் சில்லோடு படம் எடுத்தேன். இரும்புக் கையின் நீளம், நட்டின் அளவு, பட்டறையின் பில், எல்லாவற்றையும் வேறு தாளில் எழுதிச் சேர்த்தேன். பதினான்கில் "உண்டு" என்று போட்டேன். மறுப்பு வரலாம், மூன்று மாதம் ஆகலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர், வாறது வரட்டும் என்றார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஏற்றுக்கொள்கிறோம். நிபந்தனை இரண்டு: வெல்டிங் வேலைக்குப் பொறியியலாளர் ஒருவரின் சான்று வேண்டும், பக்கச் சில்லுகளுக்கு மட்டும் நட்டஈடு இல்லை. மேலதிகக் கட்டணம் ஒரு முன் ரயர் வாங்கும் காசுக்குக் குறைவு.

கொழும்பு அதிகாரியைத் தொலைபேசியில் எடுத்து, இது புதிய நடைமுறையா என்று கேட்டேன். பல வருடமாக இப்படித்தான் என்றார். யாழ்ப்பாணக் கிளையிலிருந்து ஒன்றும் வராததால், அங்கே அப்படிப்பட்ட வண்டிகள் இல்லையாக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்குப் போனேன். தவமலர் உள் அறையில் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கும் சட்டம். அவருடைய தாயார் என்னை யாரென்று தெரியாமல் அன்பாக உபசரித்தார். நான் வந்த விடயத்தை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

"எத்தினை நாளிலை வந்தது?"

"பதினொரு நாள்."

"எனக்கு அப்ப பழைய இன்சூரன்ஸ் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது, அண்ணை."

அவர் எண்ணிச் சொல்லவில்லை. அந்த எண் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பிறகு தன் வலது தொடையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அந்த அரியாலை ஆள் இப்ப வண்டி ஓடுறாரோ?"

"ஓம். ஓடுறார்."

"சரி," என்றார். பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தேன்.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டியை நிற்கிறபடியே படம் எடுங்கள். தெரியாததைக் கொழும்பிடம் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். முடியாது என்றால், முடியாது என்று வாடிக்கையாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அன்று தவமலரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால், அவர் கோபித்துக்கொண்டு ஐந்தாவது அலுவலகத்தைத் தேடிப் போயிருப்பார். அங்கே யாராவது உண்மையை எழுதிக் கேட்டிருப்பார்கள். அவருக்கு முன்னால் நான்கு அலுவலகங்கள் இருந்தன. மூன்று அவரைத் திருப்பி அனுப்பின. நான் அனுப்பவில்லை.