தவிட்டுப் புளிப்புக்கு உரிமை கேட்டவர்

தேவசகாயம் அண்ணனுக்குக் குஷி வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. ஆம்பூரில் நான் டைப்பிஸ்டாக இருந்த தோல் பதனிடும் டேனரியில் அவர் மேஸ்திரி. 1980 ஜூன் மாதம் ஒரு காலையில் ஈரக் கையோடு ஆபீசுக்குள் ஓடிவந்து, என் மேஜைமேல் பேப்பரை விரித்தார். மெஷினில் இருந்த கடிதம் நனைந்துபோனது. மனிதருக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

"தனகோடி, இத்த படிச்சு சொல்லும்மா. நெசமாவே இப்படித்தான் போட்டிருக்கா?"

படித்தேன். நம் நாட்டில் பிறந்த விஞ்ஞானி ஒருவர் அமெரிக்காவில் ஒரு கிருமியின் உள்ளமைப்பையே மாற்றி, கச்சா எண்ணெயைத் தின்கிற மாதிரி செய்திருக்கிறாராம். உயிருள்ளதாக இருந்தாலும் மனிதன் செய்தது என்றால் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று பதிந்து பேடன்ட் உரிமை கேட்கலாம் என்று அங்கே பெரிய கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. படிக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தோல் தரம் பிரிக்கும் கவுஸ் பாஷா வாசலிலிருந்தே கேட்டார். "இன்னிக்கு கிருமி. நாளைக்கு மனுஷனையே இப்படி செஞ்சா, அவனுக்கு ஓனர் யாரு?"

"அதுக்கு ஒரு சட்டம் போடுவாங்க பாய்" என்றேன்.

"இவங்க போடறதுக்குள்ள அவன் ரெண்டு பேரை செஞ்சு முடிச்சிருப்பான்!"

நல்ல கேள்விதான். ஆனால் அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் நினைப்பெல்லாம் அவருடைய புளிப்பில் இருந்தது.

சுண்ணாம்பு கழுவிய ஆட்டுத்தோலை, தவிட்டைத் தண்ணீரில் புளிக்கவிட்ட தவிட்டுப் புளிப்பில் ஊறவைத்தால், அதிலுள்ள கிருமிகளின் வேலையால் தோல் மிருதுவாகும். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை அப்படியே பதிய வேண்டும், அதுதான் பதம். அண்ணன் ஏழெட்டுப் பானைகளில் புளிப்பு வைப்பார். மந்தமாக வேலை செய்வதைக் கொட்டிவிட்டு, வேகமானதிலிருந்து அடுத்த பானைக்கு உறை எடுப்பார். ஆறு வருடம் விடாமல் இதைச் செய்ததில், மற்றவர்களுக்கு ஒரு நாள் பிடிப்பது அவருக்கு அரை நாளில் முடிந்தது. யார் கேட்டாலும் ஒரு சொம்பு ஊற்றிக் கொடுப்பார். தயிருக்கு உறை கேட்டு வந்தவரை நாம் வெறுங்கையோடு அனுப்புவோமா?

அதில்தான் இப்போது பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்து, செய்முறையை விசாரித்துக்கொண்டு ஒரு பாட்டில் நிறைய வாங்கிப் போயிருந்தார்.

"அந்தாளு இத்த தானே கண்டுபுடிச்சதா எழுதிக்கினா? அப்பறம் என் பானையில நான் கை வைக்க அவர்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா? முந்திக்கணும்மா, நாம முந்திக்கணும்!"

எனக்கும் ஆவேசம் வந்துவிட்டது. விண்ணப்பத்தை நானே டைப் அடித்தேன். எங்கள் பக்கம் தெருக்குழாய்க்கு மனு கொடுத்தாலும் கையெழுத்து சேர்க்காமல் கொடுக்கமாட்டோம். பதினோரு டேனரி மேஸ்திரிகளிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்தோம். அவர்களில் மக்பூல் அகமது உருதுவில் போட்டார். இதைவிடப் பலமான மனு இருக்க முடியாது என்று மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் காலை ரயிலேறினோம்.

மெட்ராஸ் பேடன்ட் அலுவலகத்தில் சுந்தரமூர்த்தி என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "கிருமிய நீங்க மாத்தினீங்களா, இருந்ததையே எடுத்தீங்களா?"

"நல்லதா பாத்து பாத்து எடுத்தேன் சார். ஆறு வருஷம்!"

"அது பொறுக்கி எடுக்கறது. அமெரிக்கா கேஸு, உள்ளயே கை வச்சு மாத்தினது. எப்படியும் நம்ம சட்டத்துல உயிருள்ளதுக்கு உரிமை குடுக்கறதில்ல. செய்முறைக்கு வேணா கேக்கலாம். ஆனா அது புதுசா இருக்கணும். இதுக்கு முன்னாடி வெளியில யாரும் செஞ்சிருக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். 'மேற்படி புளிப்பை நாங்கள் அனைவரும் பல வருடங்களாகப் பயன்படுத்திப் பலனடைந்து வருகிறோம்' என்று தலைப்பில் நான் அடித்திருந்தேன். கீழே பதினோரு கையெழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஒண்ணே போதும்மா, உங்க விண்ணப்பத்தைத் தள்ள."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கையாலேயே அண்ணன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சார், அப்ப பாட்டில்ல வாங்கிக்கினு போனாரே, அவரு வந்து கேட்டா?"

"அவருக்கும் இதே கதைதான். ஊரே செய்யற செய்முறைக்கு யார் வந்து கேட்டாலும் கிடைக்காது. இந்தக் காகிதத்தைக் காட்டினா போதும்."

"யாருக்குமே கிடைக்காதா?"

"யாருக்குமே."

அண்ணன் எழுந்து அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கல் நிற்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் படியிறங்கினேன். அவரோ இரண்டு இரண்டு படியாகத் தாவி எனக்கு முன்னால் போய் நின்றார்.

"இன்னாம்மா அழுவுற? சீக்கிரம் வா, ரயில புடிக்கணும். பேர்ணாம்பட்டு டேனரியில ஒருத்தரும் கையெழுத்து போடலியே. நாளைக்கே அங்கயும் ஆளுக்கொரு சொம்பு ஊத்திடணும்!"