கதவுக்குள் குருத்தோலை

என் வீட்டுக்காரர் ஜெயராஜுக்குப் பாம்புக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டி அப்பாவு என்கிற ஓனருடையது. பகலில் இவர், இரவில் ரகு. போன மாதம் டிரைவர் பக்கத்துக் கதவு கிறீச் கிறீச்சென்று கத்தத் தொடங்கியபோது முதலில் கேட்டவரும் இவர்தான். கேட்டதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ரகு நைட்ல எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரில இடிச்சிக்கினு வந்து கம்முனு கீறான்" என்று ஓனரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

ரகு எங்கள் வாசலில் வந்து நின்றான். "நான் எங்கியும் இடிக்கலண்ணா. நீயே ஓனராண்ட ஒரு வார்த்த சொல்லுண்ணா."

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளே ரகுவுக்கு வேலை போனது. அவன் பெண்டாட்டிக்கு எட்டாம் மாதம்.

"அவன் இடிச்சத நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"சத்தம் கேக்குதில்ல? தானா வருமா?" என்றார்.

ரகு போன பிறகும் கதவு கத்தியது. கம்பெனி மேனேஜர் முகம் சுளிக்க, சரிபண்ணு என்று ஓனர் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி இவரே உட்கார்ந்தார். கைப்பிடிக் குழியிலிருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டை ஓரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். என் கரண்டிதான், வேறென்ன. கிளிப்புகள் பட் பட்டென்று விட்டு, அட்டை கையோடு வந்தது.

தகரத்தில் ஒரு நசுங்கல் இல்லை. தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விறைத்துக் கிடந்தது காய்ந்த குருத்தோலைச் சிலுவை.

போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையில் இவரே மடித்தது. வண்டியில் சாமி சம்பந்தமாக எதுவும் தொங்கக் கூடாது என்பது கம்பெனி கட்டளை. ஓலை இல்லாமல் ஓட்டமாட்டேன் என்று இவர், யார் கண்ணிலும் படாதபடி ஜன்னல் ரப்பர் இடுக்கில் செருகியிருந்தார். அது உள்ளே இறங்கி, காய்ந்து, தகரத்தில் உரசிக் கத்தியிருக்கிறது. திருநீற்றுப் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கப் பழைய ஓலைகளைக் கோயிலில் கேட்டபோது தேடினார், காணோம். அதற்கும் ரகுவைத்தான் திட்டினார்.

"உள்ள போட்டு மூடிறாத" என்றேன். "ஓனருக்குப் போன் போடு."

போட்டார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அப்பாவு சொன்னது எனக்கே கேட்டது. "வேற ஆள் போட்டாச்சுப்பா. சத்தம் நின்னுச்சா, அத்த சொல்லு."

சாயங்காலம் ரகு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான், தோள் கன்றிச் சிவந்திருந்தது. அவன் பெண்டாட்டி மூச்சு வாங்க எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் டம்ளரைத் தொடவில்லை. ஓலையை நீட்டி, நடந்ததைச் சொன்னார்.

ரகு ஓலையை வாங்கிப் பார்த்தான். ஒட்டியிருந்த தூசியைச் சட்டையில் துடைத்துவிட்டு, இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"சாமிதுண்ணா. கீழ கீழ போட்றாத" என்றான்.

அதற்குப் பதில் அவன் நாலு அறை விட்டிருக்கலாம்.