நாலே முக்கால் மணி கடகடப்பு

என் கணவர் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நோயாளிகள் அவரை "வலிக்காத சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி இறங்குவதே தெரியாதாம். அந்தக் கை வீட்டில் ஒரு டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்து நான் பார்த்ததில்லை. அது வேறு கதை.

ஐந்து மணிக்கு முதல் ஷிப்ட். நாலே முக்காலுக்குத் தன் பழைய பைக்கைக் கிளப்புவார். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று சத்தம் வரும். அரை நிமிடம்தான், பிறகு பைக் சாதுவாகிவிடும். ஆனால் அதற்குள் தெருவே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனரின் மனைவிக்குத் தீராத தலைவலி. நாலு மணிக்கு மேல்தான் பாவம் கண் அசருவார். ஆறு மாதம் பொறுத்த ஓனர் ஒருநாள் மாடியேறி வந்தார்.

"பைக்கா வீடா, நீங்களே முடிவு பண்ணுங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்."

அந்த நேரத்தில் பஸ் கிடையாது. பைக் இல்லாவிட்டால் முதல் ஷிப்டும் இல்லை. நாலு வருடத்தில் மூன்று வீடு மாறியவள் நான். இன்னொரு முறை மூட்டை கட்டுவதா? இவர் பைக்கைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்பிப் பார்த்தார். அங்கேயும் மனிதர்கள்தானே தூங்குகிறார்கள்? ஜன்னலைத் திறந்து ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

கடைசியில் மெக்கானிக் அக்காவிடம் போனோம். இன்ஜினை ஒரு தடவை கிளப்பிக் கேட்டதுமே அவர் சொல்லிவிட்டார்.

"இன்ஜினுக்குள்ள ஓடுற டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது தம்பி. வண்டி நிக்கும்போது ஆயில் எறங்கிடுது. மறுபடி ஏறுற வரைக்கும் செயின் தொளதொளன்னு அடிச்சுக்குது. கையால முடுக்குற டென்ஷனர் போட்டுடலாம். வெறும் போல்ட்டுதான், ஆயிலை நம்பி இருக்க வேணாம். ஆனா அப்பப்போ நீங்களே பாத்து முடுக்கிக்கணும். விரலால மட்டும். ஸ்பேனர், போல்ட்டு நகராம பிடிக்கிற லாக் நட்டை இறுக்கத்தான்."

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் மாட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் சும்மா இருந்தாரா? லேசாக 'டிக் டிக்' என்று கேட்கிறதாம். பயம்தான், வேறென்ன! லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பேனரால் போல்ட்டை அரைச் சுற்று முடுக்கிவிட்டார். டிக் டிக் போய், கொசு ரீங்காரம்போல் ஒன்று கிளம்பியது. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவந்து இன்ஜினில் வைத்துக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் திட்டு தெருவுக்கே கேட்டது.

"இவ்ளோ இறுக்கினா செயின் தேஞ்சே போயிடும்! ஊசி போடுற கைதானே அது? நரம்பைத் தேடுற மாதிரி விரலால தேடுங்க. முட்டுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்துங்க. கொஞ்சூண்டு டிக் டிக் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். போல்ட்டைத் தளர்த்தி, கண்ணை மூடி, இரண்டே விரலால் மெல்லத் திருகினார். ஓர் இடத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் அவர் எப்படி இருப்பார் என்று அன்றுதான் பார்த்தேன். ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்தப் பைக் என்றைக்கும் சாதுதான். காலையில்தான் தெரியும்.

காலையில் அவர் இறங்கிப் போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலே முக்கால் ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை. கிளம்பவே இல்லையோ, செத்தே போய்விட்டதோ என்று பதறி, செருப்பு டப் டப்பென்று அடிக்கப் படியிறங்கி ஓடினேன்.

பைக் நிற்கும் இடம் காலி. பக்கத்தில் ஹவுஸ் ஓனர், கையில் மொபைலோடு. சாட்சிக்குப் பைக் சத்தத்தைப் பதிவு செய்ய வந்திருக்கிறார் மனிதர்.

"சார் எப்பவோ போயிட்டாரும்மா," என்று கிசுகிசுத்தபடி பதிவை என் காதருகே வைத்தார். கேட் திறக்கும் சத்தம், மெல்லிய ஒரு உறுமல், பிறகு ஓனரின் இருமல். அவ்வளவுதான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ வீடு..." என்று ஆரம்பித்தேன்.

உதட்டில் விரல் வைத்து, உள்ளே கையைக் காட்டினார். "அவ இன்னும் தூங்குறா. வீட்டுப் பேச்சை விடும்மா. மொதல்ல அந்தச் செருப்பைக் கழட்டிட்டு மேல போ."