அச்சு முறுக்குக்கு ஒரு அட்டைப்பெட்டி

கல்லூரியில் கடைசியாக ஒரு தாள் கேட்டார்கள். நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்த புராஜெக்டில் கற்றுக்கொண்டது என்ன, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும். அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொருளை அறிதல், சந்தையை அறிதல், சூழலை அறிதல் என்று வரிசையாக ஐந்து அறிதல். எல்லாம் சுத்தப் புளுகு. டிசைன் படிப்பவர்களுக்கு இந்தப் புளுகு தூக்கத்தில் கூட வரும். உண்மையை எழுதுவதற்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கும் பெரிதாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். ஷிஃப்ட் முடிந்து வரும்போது சில நாள் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப் கடையில் ஒரு பாக்கெட் அச்சு முறுக்கு வாங்கி வருவார். பூ மாதிரி இருக்குமே, கையில் எடுத்தாலே உடையுமே, அது. அதைச் சுடுகிற அக்கா அந்தக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கட்டிக்கொண்டு வந்தது இங்கே. அவர் வீட்டுக்காரர் அதே மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்ட் கைமாறுகிற சமயத்தில் அவருக்கு வேலை இருக்காது, வீட்டில்தான் இருப்பார். அந்த மாதங்களில் அடுப்பு எரிவது முறுக்கால்.

முறுக்கு ஓடுவது ஓர் ஆணியால். கடையின் முன்புறம், நிலைக்கு மேலே, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கண்ணுக்கு நேரே அடித்த ஆணி. அதில்தான் அக்காவின் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கும். அந்த ஆணிக்காகக் கடைக்காரரிடம் ஒரு வருஷம் நடையாய் நடந்ததாக முதல் நாளே என்னிடம் சொன்னார். வேறு கடையில் அவருக்கு இடமில்லை. "அந்த ஆணி இருக்குற வரைக்கும் எனக்குக் கவலையில்லீங்க" என்றார். இதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாது என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அவர் பாக்கெட் போடுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறிய முறுக்கு ஆறை ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்குவார். கவரின் வாயை இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடு மேல் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓர் இழுப்பு. ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன் கவரை லேசாக உதறிக் காற்றைப் பிடித்து வைப்பார். கவர் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். லேபிள் கிடையாது, பெயர் கிடையாது. பிளேடு அவர் வீட்டுக்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்தது, மெழுகுவர்த்தி மாதா கோயிலில் மிஞ்சியது.

எனக்கு அப்போது ஆட்களைக் காப்பாற்றுகிற வியாதி முற்றியிருந்தது. மூன்று வருஷம் டிசைன் படித்தால் அது வரும். எதைப் பார்த்தாலும் தப்பாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையின் எழுத்து தப்பு, ஆஸ்பத்திரி வாசல் போர்டு தப்பு, அம்மா கோலத்தில் இடைவெளி தப்பு. "உன் கண்ணுக்கு எதுதான்டி ஒழுங்கா இருக்கு?" என்று அம்மா ஒரு நாள் கேட்டே விட்டாள். அக்காவின் பாக்கெட் எனக்கு லட்டு மாதிரி கிடைத்தது. பிளாஸ்டிக் இல்லாமல், உடையாமல், பார்க்க அழகாக ஒரு பெட்டி. புராஜெக்ட் தயார்.

அக்காவிடம் சொன்னேன். யோசிக்காமல் சரி என்றார். "நீங்க படிச்ச புள்ள. நாலும் தெரிஞ்சுதான செய்வீங்க" என்றார். அப்போதெல்லாம் என்னை நீங்க என்றுதான் கூப்பிடுவார். அவர் வயதில் பாதி எனக்கு. பெர்மனென்ட் வீட்டுப் பிள்ளை என்பதற்காக வந்த மரியாதை அது. எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

மே மாதம் முழுக்க அந்தப் பெட்டிதான். மூன்று நாள் அவர் அடுப்படியில் உட்கார்ந்து பேட்டி எடுத்தேன். எந்த மாவு, எத்தனை முட்டை, யார் வாங்குகிறார்கள், எப்போது வாங்குகிறார்கள். அவர் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டுக்கொண்டே பதில் சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்து அட்டையை வெட்ட ஆரம்பித்தேன். வெட்டினேன், மடித்தேன், தூக்கிப் போட்டேன், மறுபடி வெட்டினேன். விரலில் பிளாஸ்திரி இல்லாத நாள் இல்லை. தோள்பட்டை இறங்கிவிட்டது. கத்திரி வெயில் வேறு, மின்விசிறி போட்டால் அட்டை பறக்கும், போடாவிட்டால் நான் செத்தேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் அப்பா ஓரமாக நடந்து குளிக்கப் போவார். பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பத்தொன்பதாவது மாதிரியில் பெட்டி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகுதான். மேல்மூடி ஆறு இதழாக மடங்கி நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். விரித்தால் அச்சு முறுக்கின் வடிவம். உள்ளே ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் அட்டை வளையம், அதனால் உடையாது. பசை கிடையாது, பிளாஸ்டிக் பொட்டுக்கூடக் கிடையாது. அந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல.

சோதனையும் செய்தேன். செய்யாமல் இல்லை. ஒரு பெட்டியில் முறுக்கு அடுக்கிப் பீரோ மேல் வைத்து, இருபது நாள் கழித்துத் திறந்தேன். அப்பா ஒன்றைக் கடித்தார். நொறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. "நேத்து சுட்ட மாதிரி இருக்குதும்மா" என்றார். இருபது நாள், மொறுமொறுப்பு குறையவில்லை என்று குறித்துக்கொண்டேன். நெய்வேலி கோடையில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வெயிலில் எதுதான் நமத்துப்போகும்? ஒரு அப்பளத்தைத் திறந்து வைத்தாலும் இருபது நாள் நின்றிருக்கும். இந்த எண்ணம் எனக்கு ஒரு நொடி கூட வரவில்லை.

ஐப்பசிக் கடைசியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். டிசம்பரில் ஜூரி, மதிப்பெண் போடுகிற குழுவின் முன்னால் புராஜெக்டைக் காட்ட வேண்டும். பெட்டி நிஜமான கடையில், நிஜமான ஆட்கள் கையில் இருக்கிற படம் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து பெட்டிகளாக மடித்துத் தள்ளினோம். அக்காவிடம், இந்த மாதம் முழுக்கப் பெட்டியிலேயே போடலாம், கொஞ்சம் பெட்டி கொஞ்சம் கவர் என்று இருந்தால் படத்தில் நன்றாக வராது என்றேன். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, அவருக்கு வருஷத்திலேயே ஓடுகிற காலம் அதுதான். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது, கூட்டம் உள்ள படம்.

பெட்டியைச் சரமாகத் தொங்கவிட முடியாது. கடைக்காரர் கல்லாப் பக்கம் ஒரு பலகையில் அடுக்கச் சொன்னார். ஆணி காலியானது. அன்றைக்கே அதில் ஒரு சிப்ஸ் சரத்தை மாட்டினார். "சும்மா எதுக்கும்மா காலியா கெடக்கணும், அக்கா கேட்டா கழட்டிக் குடுத்துடுறேன்" என்றார். அக்கா அந்தச் சிப்ஸ் சரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேமராவில் வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். படங்கள் பிரமாதமாக வந்தன. கரியும் தூசியும் பிடித்த அந்தக் கடையில் என் பெட்டி மட்டும் பளிச்சென்று நின்றது. நான் பஸ் ஏறும்போது தூறல் போட ஆரம்பித்தது.

ஜூரியில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பாராட்டினார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று ஒருவர் கேட்டார். இருபது நாள், சோதித்துப் பார்த்திருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண். ஹாஸ்டல் அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம், ஆனால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடந்தது. அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாளை வரவேயில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த அன்று, ஏன்ப்பா முறுக்கு வாங்கவில்லை என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"அது நமத்துப் போச்சும்மா" என்றார் அப்பா. "மழை விடவே இல்ல. நான் ரெண்டு பெட்டி வாங்கினேன். ரெண்டும் ரப்பரு மாதிரி. உனக்குப் பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னா."

செருப்பை மாட்டிக்கொண்டு மந்தாரக்குப்பம் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வெங்காய மூட்டையைப் பிரிக்கிறவர் மாதிரி குனிந்துகொண்டார். நான் நகரவில்லை.

"பொட்டி மேல ஒண்ணும் கொறையில்லம்மா, அழகாத்தான் இருந்துது" என்றார் கடைசியில். "ஆனா ஷிஃப்ட்டுக்குப் போற ஆளு பஸ் ஏறி ஒக்காந்து கடிப்பான். சவசவன்னு இருந்தா அடுத்த நாள் வந்து என்னத்தான திட்டுவான்? ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். மொத்தமும் திருப்பிக் குடுத்துட்டேன். அந்தம்மா பொட்டியெல்லாம் சாக்குல போட்டுத் தூக்கிக்கினு போச்சு."

"ஆணிய அக்காவுக்குத் திரும்பக் குடுங்கண்ணே. பழையபடி கவர்லயே போடச் சொல்றேன்."

"எந்த ஆணி? அங்க பாரும்மா." ஆணி இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு சிப்ஸ் கம்பெனியின் கம்பி ஸ்டாண்ட் நின்றது. "அவங்களே வந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. இனிமே நான் என்னா பண்றது?"

கடைக்குப் பின்னால் அக்காவின் வீடு சாத்திக்கிடந்தது. கதவருகே குந்தியிருந்த அவர் வீட்டுக்காரர், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். என்ன வேலை என்று கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் பிளாக்கில், எங்கள் தெருவில் பார்த்தேன். ஐந்தாறு பெண்கள் புடவைக்கு மேல் ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. காண்ட்ராக்ட்டில் சேர்ந்திருக்கிறார். உள்ளே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எப்பம்மா வந்த? மார்க்கு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. ஃபர்ஸ்ட்."

"சேசுவே!" என்று துடைப்பத்தோடு கையைக் கூப்பினார். பக்கத்தில் கூட்டியவரைத் திரும்பிக் கூப்பிட்டார். "ஏ, இந்தப் பொண்ணுதான், நான் சொன்னன்ல, நம்ம முறுக்க வெச்சுப் படிச்சது. ஃபர்ஸ்ட்டாம்!" முகமெல்லாம் சிரிப்பு. நடிப்பே இல்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன், இதற்கு நிற்க முடியவில்லை.

"அக்கா, மழைக்கு நமத்துப் போகும்னு எனக்குத் தோணவே இல்லக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம்புங்கள், அவர் மேல்தான் வந்தது. "தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

துடைப்பத்தைத் தரையில் தட்டிக் காம்பைச் சரிசெய்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் பேசினார்.

"சொன்னனேம்மா. உள்ள ஒரு கவரு போட்டாத்தான் எனக்கு நிம்மதின்னு சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். நீ எழுதிக்கினே இருந்த. சரி, எழுதிக்கிது, பாத்துக்கும்னு நானும் வுட்டுட்டேன்."

தெருமுனையிலிருந்து சூப்பர்வைசர் சத்தம் போட்டார். வரேம்மா, சாப்பிடு போ என்று சொல்லிவிட்டு அவர் கூட்டிக்கொண்டே அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.

அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. எழுதியிருந்தேன். எழுதியதோடு நிற்கவில்லை. ஜூரியில் அந்த வாக்கியத்தைத் தனி ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினேன், அவர் பேச்சு மாறாமல், அப்படியே. பேச்சு அழகாக இருக்கிறது என்று சிரித்தார்கள். அதற்கு மேலே நான் கொடுத்திருந்த தலைப்பு: பழக்கத்தைக் கைவிடத் தயக்கம்.